திருத்தப்படாத பக்கம்

தவணைப் பரீட்சையில்
முப்பத்தொரு பேரும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்:
நீராவி குளிர்ந்து நீராவது ஒடுக்கம்.
முப்பத்தொரு சரி போட்டேன்.
சிவப்புப் பேனை அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது.

அடுத்த திங்கள்
மவுசாகலைத் தண்ணீரிலிருந்து ஏறிவந்த மூடுபனி
கேட்காமல் வகுப்புக்குள் நுழைந்து
கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டது.
கரும்பலகை ஈரம். வெண்கட்டி பிடிக்கவில்லை.
இந்தத் தண்ணி எங்கிருந்து வந்திச்சு, என்றேன்.
எட்டாந் தரத்து மௌனம் எனக்குப் பழக்கம்.
பிழை சொன்னால் சிரிப்பார்களே என்று
உதட்டுக்குள் மடித்து வைத்த மௌனம்.

கொப்பியக் கடைசிப் பக்கத்தில திறங்க.
அஞ்சு நிமிஷம்.
வீட்டுல பேசுற மாதிரி எழுதுங்க.
புள்ளி இல்ல. எழுத்துப்பிழை பார்க்கமாட்டேன்.
தெரியாட்டி தெரியாதுன்னு எழுதுங்க, ஆனா
எது தெரியாதுன்னு எழுதுங்க.

"வெட்டலாமா டீச்சர்?"
வெட்டலாம்.
"வெட்டினத அழிக்கணுமா?"
வேணாம். கிடக்கட்டும்.

டிரோஷன் எழுதியிருந்தான்:
*போர்டுக்கு வேர்க்குது.*
அதை வெட்டி,
*போர்டுக்கு உசிரில்ல. பின்ன எப்பிடி வேர்க்கும்.*
லக்சிகா:
*மூடுபனி தண்ணின்னா நாங்க தண்ணிக்குள்ளயா இருக்கோம். மீனு மாதிரி.*
யுகேந்தினி:
*பரீட்சைல ஒடுக்கம்னு எழுதினேன். சரி போட்டீங்க.
அது என்னான்னு எனக்குத் தெரியாது டீச்சர்.*

பேனை மூடியைத் திறந்தேன்.
திரும்ப மூடினேன்.

பிறகு கமலேஸ்வரன்.
வாரத்தில் மூன்று நாள் வருபவன்,
வந்தாலும் பெயர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறப்பவன்.
*எங்க காம்பராவுல ஏழு பேரு படுக்கிறோம்.
மழ பெய்யாத நாளும் விடியக்காத்தால தகரம் சொட்டுது.
ஓட்டைன்னு அப்பா தார் பூசினாரு. அப்பறமும் சொட்டுது.*
அதன் கீழே இரண்டு வெட்டு.
வெட்டுக்கு அடியில் வாசிக்க முடிந்தது:
*பேய். எலி மூத்திரம்.*
அதற்கும் கீழே, எழுத்து கொஞ்சம் சிறுத்து,
*அக்கா கொழும்புக்குப் போனப்பறம் சொட்டுறது கொறஞ்சிருச்சு.
அப்ப அது வானத்துத் தண்ணி இல்ல.
எங்க வாயிலருந்தா வருது?*

வாசிக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினான்.
எலி மூத்திரத்துக்கு வகுப்பே சிரித்தது, அவனும்.
கடைசி வரிக்கு யாரும் சிரிக்கவில்லை.
யாரோ தன் உள்ளங்கையில் மெல்ல ஊதிப் பார்த்தார்கள்.
அதன்பின் எல்லோரும் ஊதினார்கள்.
ஜன்னல் கண்ணாடியில்,
சில்வர் டம்ளரில்,
முன்வாங்குப் பிள்ளையின் மூக்குக்கண்ணாடியில்.

மறுநாள் நான் கேட்காமலே கணக்குகள் வந்தன.
நாலு பேர் படுக்கும் வீடு: ஈரம் மட்டும்.
ஒன்பது பேர்: பாய் நனையும்.
அடுப்பில் கேத்தல் கொதித்தால் தனிக் கணக்கு.
ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்த டிரோஷனுக்கு
சொட்டு நின்றது, தடிமன் பிடித்தது.

யுகேந்தினி மட்டும் சொல்லை விடவில்லை.
*ஒடுக்கம்னா எடம் பத்தாததுதானே டீச்சர்?
அம்மா எங்க லயத்த அப்பிடித்தான் சொல்லும்.
ரெண்டும் ஒரே சொல்லா?*
விஞ்ஞானம் படித்தவள் நான்.
பதினொரு வருடம் இந்தச் சொல்லைப் பலகையில் எழுதியிருக்கிறேன்,
ஒருநாளும் அதற்குக் காது கொடுத்ததில்லை.
என் பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
அவள் கேள்வியை எழுதி, பதில் எழுதி,
வெட்டி வைத்திருக்கிறேன்.

ஆனியில் ஆலோசகர் வந்தார்.
கொப்பிகளை விரல் நனைத்துப் புரட்டினார்.
பின்பக்கம் வந்ததும் விரல் நின்றது.
"என்ன டீச்சர் இது, மூத்திரமெல்லாம் எழுதியிருக்கு?"
சம்பவத் திரட்டில் பதிந்தார்:
மாணவர் கொப்பிகளின் இறுதிப் பக்கங்கள் திருத்தப்படவில்லை.
வாசித்தேன். உண்மைதான்.
கீழே ஒப்பமிட்டேன்.

கமலேஸ்வரனின் கொப்பி எண்பது பக்கம்.
முன்னாலிருந்து நான் சொல்லி எழுதியது நாற்பது.
பின்னாலிருந்து அவனாக எழுதியது முப்பத்தேழு.
நடுவே மூன்று பக்கம் வெள்ளையாக இருக்கிறது.
இன்று வந்திருக்கிறான்.
எந்தப் பக்கமிருந்து திறக்கிறான் என்று
பார்க்காத மாதிரி பார்க்கிறேன்.